தாம்பில் நான்கு பேர்

எண்பதாம் வருடம் உத்திரமேரூர் கோடைக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெருநகர் கிராமத்து டீம் மதுராந்தகத்திடம் மூன்று கோல் வாங்கியது. மூன்றும் ஒரே மாதிரி விழுந்தன. பந்து வலது ஓரத்தில் இருந்தது. பெருநகர் ஆட்கள் பத்துப் பேரும் வலது ஓரத்துக்கு ஓடினார்கள். மதுராந்தகத்துக்காரன் ஒருவன் அங்கிருந்து இடது ஓரத்துக்கு நீளமாக உதைத்தான். அங்கே அவர்கள் ஆள் தனியாக நின்றிருந்தான். எதிரில் கோலி கன்னியப்பன் மட்டும்.

பஞ்சாட்சரம் அன்று தொண்டை கட்டும்வரை கத்தினான். "பந்தப் புடிங்கடா, பந்தப் புடிங்கடா." எட்டு வருடமாக அவன் சொல்லிக் கொடுத்தது அதுதான். டீமைத் தொடங்கியவன் அவன். முதல் பந்தைக் காஞ்சிபுரத்தில் வாங்கி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவன் அவன். ஏரிக்குள் முள் வெட்டி மைதானம் ஆக்கியவன் அவன். கேப்டன் அவன், கோச் அவன், பின்வரிசையில் நடுவில் நிற்கும் பேக்கும் அவன்.

மறு வருடம் மாசிக் கடைசியில், களத்தில் நெல் போரடி முடிந்த பிறகு, கன்னியப்பன் ஹபீபுல்லாவை அழைத்து வந்தான்.

ஹபீபுல்லாவின் அப்பாவுக்கு உத்திரமேரூர் பஜாரில் ஜவுளிக் கடை. அவன் ஐந்து வருடம் மெட்ராஸில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆடினான். முட்டி போனதும் ஊர் திரும்பிவிட்டான். பஞ்சாட்சரத்தைவிட ஆறு வயது இளையவன். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு கல்லின்மேல் வைத்தான்.

"போன வருசம் மேட்ச் பாத்தேன் அண்ணே," என்றான். "மூணு கோலும் ஒரே கோலு."

"அத்த ஊரே பாத்துதே பாய்," என்றான் பஞ்சாட்சரம்.

"பாத்தாங்க. ஏன்னு பாக்கல."

கன்னியப்பன் சிரித்தான். வலது பேக் தாமோதரன் சிரித்தான். இடது பேக் வேதகிரியும் சிரித்தான். வேதகிரி பஞ்சாட்சரத்தின் மனைவி ராணியம்மாளின் தம்பி. பஞ்சாட்சரம் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டான்.

ஹபீபுல்லா தரையில் குச்சியால் கோடு போட்டான். பின்னால் நிற்கும் நான்கு பேரும் ஒரே ஆள் மாதிரி. பந்து வலது ஓரத்தில் இருந்தால் நான்கு பேரும் வலது பக்கம் நகர வேண்டும். ஆனால் எல்லாரும் பந்துக்கு ஓடக் கூடாது. இடது பேக் கோலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு கண் பந்தின்மேல். ஒரு கண் இடது ஓரத்தில் நிற்கும் எதிராளிமேல். பந்து அந்த ஆளை நோக்கிப் பறந்தால், அது தரையைத் தொடுவதற்குள் நான்கு பேரும் பக்கவாட்டில் இடது பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"பந்து மேல கீற நேரம் நம்ம நேரம்," என்றான் ஹபீபுல்லா. "அதுல நின்னு வேடிக்க பாத்தா பூட்ச்சு."

பஞ்சாட்சரத்துக்குப் புரிந்தது. இத்தனை வருடமாக இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியும் கூடவே வந்தது. அவன் அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் கீழே குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

"ஒரு கயிறு இருந்தா சுளுவு," என்றான் ஹபீபுல்லா. "நாலு பேரையும் இடுப்புல கோத்துட்டா ஒருத்தன் நவுந்தா எல்லாரும் நவுரணும்."

"மாமா வூட்ல தாம்பு கீது," என்றான் வேதகிரி. "தோ எடுத்தாறேன்."

அவன் ஓடினான். மாமாவைக் கேட்கவில்லை.

தாம்பு என்பது பிணையல் கட்டும் கயிறு. களத்தில் நெல் தாளைப் பரப்பி, நான்கு மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கோத்து, தாளின்மேல் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார்கள். நெல் உதிரும். உள்ளே இருக்கும் மாடு நின்ற இடத்திலேயே திரும்பும். வெளியே இருக்கும் மாடு பெரிய வட்டமாக ஓடும். பஞ்சாட்சரத்தின் களத்தில் அந்தத் தாம்பு பத்து நாளுக்கு முன்புவரை மாட்டுக் கழுத்தில் இருந்தது. வைக்கோல் தூசு இன்னும் ஒட்டியிருந்தது.

ஹபீபுல்லா அதை நான்கு பேர் இடுப்பிலும் கட்டினான். வலது ஓரத்தில் தாமோதரன். அடுத்து பஞ்சாட்சரம். அடுத்து தாமோதரனின் தம்பி. இடது ஓரத்தில் வேதகிரி.

"தவுடு வெப்பீங்களா பாய்?" என்றான் வேதகிரி. "இல்ல வெறும் வைக்கோலா?"

"மொதல்ல ஓடு. அப்பால துன்னலாம்."

வலது ஓரத்தில் நின்று ஹபீபுல்லா பந்தை இடது பக்கம் தூக்கி உதைத்தான். தாமோதரன் நின்ற இடத்தில் திரும்பினான். வேதகிரி வட்டமாக ஓடி முன்னால் ஏறினான். நடுவில் இருந்த இரண்டு பேரும் கயிறு இழுத்த பக்கம் போனார்கள். வரிசை சாய்ந்துவிட்டது. பந்து வேதகிரியின் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அங்கே ஒரு வயல் அளவு காலி.

"அரே, அங்க ஏம்பா போறே? பக்கவாட்ல வா. பக்கவாட்ல."

மறுபடி உதைத்தான். மறுபடி வேதகிரி வட்டமாக ஓடினான். பத்து முறை. பத்து முறையும் அப்படியே.

மூன்றாவது முறையே பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்தல்ல. கயிறு இடுப்பை இழுத்த விதத்தில் தெரிந்தது. நான்கு பேரும் நடக்கத் தெரிந்த நாள் முதல் பிணையல் மாட்டின் பின்னால் நடந்தவர்கள். தாம்பைக் கட்டியதும் உடம்பு சுற்றுகிறது. தாமோதரன் உள்மாடு. வேதகிரி வெளிமாடு. ஜவுளிக் கடைக்காரனுக்கு இது தெரிய வழியில்லை. அவன் களத்தில் கால் வைத்ததே இல்லை.

பஞ்சாட்சரம் சொல்ல வாய் திறந்தான். அப்போது கன்னியப்பன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஹபீபுல்லாவிடம் நீட்டினான். இரண்டு கையாலும் நீட்டினான்.

பஞ்சாட்சரம் வாயை மூடிக்கொண்டான்.

ஒரு வாரத்தில் தாம்பை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குள் உடம்பு படித்துவிட்டது. கயிறு இல்லாமலும் சுற்றினார்கள். பஞ்சாட்சரமும் சுற்றினான்.

ஹபீபுல்லா நாலு மணி பஸ்ஸில் வருவான். ஐந்தாறு பேர் பஸ் நிற்கும் இடத்திலேயே நின்று அவனை அழைத்து வந்தார்கள். பஞ்சாட்சரத்துக்காக யாரும் எங்கும் நின்றதில்லை. அவன் ஊர்க்காரன், நிற்கத் தேவையில்லை. இதை அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பிறகும் பஸ் வரும் சத்தம் கேட்டால் எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்தான்.

ஹபீபுல்லா முட்டியில் துணிப்பட்டை கட்டியிருந்தான். பங்குனியில் டீமில் ஏழு பேர் முட்டியில் துணி கட்டியிருந்தார்கள். யாருக்கும் முட்டியில் வலி இல்லை.

ஹபீபுல்லா பஞ்சாட்சரத்தை மதித்தான். அது இன்னும் மோசமாக இருந்தது. "அண்ணன் குரலுக்கு ஈடு இல்ல," என்றான் எல்லார் முன்னாலும். "பந்து பக்கம் மாறும்போது அண்ணன்தான் குரல் குடுக்கணும். வேற யாரும் கத்தக் கூடாது." எல்லாரும் தலையாட்டினார்கள். தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி தனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டதுபோல் இருந்தது பஞ்சாட்சரத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி காலையில். ஒரு ஞாயிறு பஞ்சாட்சரம் வீட்டுக்குள் வந்தபோது ராணியம்மாள் தூக்குச் சட்டியைத் துடைத்து வேதகிரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அது?"

"பாய் நாஷ்டா துன்னாம மொத பஸ்ல வந்துட்டாராம். நாலு இட்லி வெச்சேன்."

"எனக்கு?"

"நீதான் காத்தாலயே பழய சோறு துன்னியே."

"இட்லி சுட்ட இல்ல. எனக்கு ஒண்ணு வெச்சா இன்னா?"

"இன்னா நீ, வயித்துப் புள்ளக்காரி மாதிரி," என்றாள் ராணியம்மாள். வேதகிரி சிரித்துக்கொண்டே தூக்குச் சட்டியோடு போனான்.

அன்றும் அவர்கள் சுற்றினார்கள். ஹபீபுல்லா கற்களை வரிசையாக வைத்து நகர்த்திக் காட்டினான். நான்கு பேரையும் பின்னால் நின்று தோளைப் பிடித்துத் தள்ளினான். தள்ளும்போது சரியாகப் போனார்கள். பந்தை உதைத்ததும் சுற்றினார்கள். அவன் ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தான். அதைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். மறுபடி நோட்டைப் பார்த்தான். பஞ்சாட்சரத்துக்கு அந்த முகத்தைப் பார்ப்பது பிடித்திருந்தது. சாயங்காலங்களில் அவன் நேரத்துக்கு முன்பே மைதானத்துக்கு வரத் தொடங்கினான்.

பங்குனி மூன்றாவது வாரம் ஹபீபுல்லா அவனைத் தனியாக ஏரிக்கரைப் பக்கம் அழைத்துப் போனான்.

"அண்ணே, வேதகிரிய இன்னா பண்றது?"

"இன்னா?"

"அவன் ஒர்த்தன்தான் தப்பா போறான். மத்தவங்க பரவால்ல. எத்தினி சொன்னாலும் முன்னால ஓடறான். மண்டைல ஏற மாட்டேங்குது."

பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். தவறியது வேதகிரி ஒருவன் மட்டுமல்ல. நான்கு பேரும் தவறினார்கள். வெளிமாடு அதிகம் ஓடும், அதனால் அது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

"வெளில கீற இருசப்பன் நல்லா ஓடறான். அவன லெஃப்ட்ல போட்டுப் பாக்கலாமா? உங்க மச்சான். அதான் உங்கள கேக்கறேன். நீங்க வேணான்னா வேணாம்."

ஒரு வாக்கியம் போதும். அது நாக்கில் இருந்தது. சொன்னால் நாளைக்கே சரியாகிவிடும். சரியானால் பாய் சரியாக்கினார் என்று ஊர் சொல்லும். சித்திரையில் ஜெயித்தால் பாய் ஜெயிக்கவைத்தார் என்று சொல்லும். தோற்றால், ஹபீபுல்லா தன் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான். டீம் திரும்பி வரும்.

"கோச்சு நீ," என்றான் பஞ்சாட்சரம். "நீயே பாத்துக்க."

வேதகிரி அன்று வரிசையை விட்டு வெளியே நின்றான். இரண்டு நாள் ஜோக் அடித்தான். "நான் தண்ணி பேக்கு," என்றான். மூன்றாம் நாள் அடிக்கவில்லை.

மறு வாரம் விடியற்காலையில் பஞ்சாட்சரம் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனபோது காலிக் களத்தில் வேதகிரி இருந்தான். இரண்டு பக்கமும் கல் வைத்திருந்தான். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் பக்கவாட்டில் ஓடினான். திரும்ப ஓடினான். தனியாக ஓடும்போது நேராகத்தான் ஓடினான். பஞ்சாட்சரத்தைப் பார்த்ததும் நின்றான்.

"இப்ப சரியா போறனா மாமா?"

"போற."

"அங்க போனா ஏன் மாமா வர மாட்டேங்குது? நான் மக்கா?"

பஞ்சாட்சரம் வைக்கோலை உதறினான். "அந்தப் பாய்க்கு சொல்லிக் குடுக்கத் தெரில," என்றான்.

"சீ, பாய் நல்லாதான் சொல்றாரு. எனக்குதான் வரல." வேதகிரி மறுபடி ஓடத் தொடங்கினான்.

வீட்டில் ராணியம்மாள் கேட்டாள். "அவன் சோறே ஒயுங்கா துன்ன மாட்டேன்றான். நீ பாய்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"நான் அவன்கிட்ட கெஞ்சணுமா?"

"கெஞ்ச சொல்லல. சொல்லு."

அவன் சொல்லவில்லை.

சித்திரையில் போட்டி வந்தது. அரையிறுதியில் மதுராந்தகம். உத்திரமேரூர் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பெருநகரிலிருந்து இரண்டு டிராக்டரில் ஆட்கள் வந்திருந்தார்கள். "பாய் டீமு வந்துட்ச்சு," என்றான் டீக்கடை ஓரத்தில் ஒருவன். பஞ்சாட்சரம் டீம் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டான்.

மதுராந்தகம் எதையும் மாற்றவில்லை. வலது ஓரத்தில் பந்தைக் காட்டினார்கள். இடது ஓரத்துக்கு உதைத்தார்கள். பஞ்சாட்சரம் குரல் கொடுத்தான். நான்கு பேரும் சுற்றினார்கள். முதல் முறை இருசப்பன் தன் ஓட்டத்தால் திரும்பி வந்து பந்தைத் தள்ளிவிட்டான். இரண்டாவது முறையும் தள்ளிவிட்டான். அப்போது அவன் வாயில் நுரை வந்திருந்தது. மூன்றாவது முறை பந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. மதுராந்தகத்துக்காரன் இரண்டு அடி எடுத்து வைத்து உதைத்தான். கோல். கன்னியப்பன் மண்ணைக் கவ்வினான்.

இடைவேளையில் எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். வேதகிரி தண்ணீர்க் குடத்தோடு ஒவ்வொருவராகப் போனான். ஹபீபுல்லா நின்றுகொண்டே இருந்தான். நோட்டை விரித்தான், மூடினான்.

"ஏன் வட்டம் போடறீங்க?" என்றான். அவன் குரல் உயரவில்லை. "எனக்குப் புரியல. ரெண்டு மாசமா புரியல. நான் நல்லா ஆடுவேன், எனக்கு சொல்லிக் குடுக்க வரல. தப்பு என்து."

பஞ்சாட்சரம் இரண்டு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தான். அது இவ்வளவு எளிதாக வரும் என்று அவன் நினைக்கவில்லை.

தாமோதரன் அவன் பக்கம் திரும்பினான். "பஞ்சு, நீ சொல்லுடா. இன்னா பண்றது?"

எல்லாரும் திரும்பினார்கள். கன்னியப்பனும் திரும்பினான். இரண்டு மாதத்தில் முதல் முறை எல்லார் முகமும் அவன் பக்கம் இருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"நீங்க பெணயல் சுத்திக்கினு கீறீங்கடா," என்றான்.

"இன்னாது?"

"பெணயலு. தாமு, நீ உள்மாடு. நின்னுக்கினே திரும்பற. ஓரத்துக்காரன் வெளிமாடு. அவன் சுத்தி வரான். பாய் தாம்பு கட்டினாரு, நாம மாடு ஆயிட்டோம்."

தாமோதரன் தன் கால்களைப் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பெணயல்னா இன்னாண்ணே?" என்றான் ஹபீபுல்லா. அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"அத்த மறந்துடுங்க," என்றான் பஞ்சாட்சரம். "நாலு ஏரு ஓட்றோம்னு வெச்சுக்க. ஒண்ணு பின்னால ஒண்ணு, நேரா. பந்து அந்தாண்ட போச்சா, அந்தாண்ட கடைசில கீறவன் முன்னேரு. அவன் போற ஏர்ச்சால்லயே அடுத்தவன் போ. அவன் பின்னால அடுத்தவன். எடவெளி மாறக் கூடாது. தாமு, நீ கடைசி ஏரு. நீ நிக்கவே கூடாது."

அவர்களுக்கு உடனே புரிந்தது. தாமோதரனும் அவன் தம்பியும் உட்கார்ந்த இடத்திலேயே கையால் நகர்த்திப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். "அய்யோ, ரெண்டு மாசமா போரடிச்சிக்கினு கீறோம்டா," என்றான் கன்னியப்பன். "எப்டிறா கண்டுபுடிச்ச?"

"இன்னா எப்டி?" பஞ்சாட்சரம் தோளைக் குலுக்கினான். "மொத நாளு தாம்பு கட்னப்பவே எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

சிரிப்பு நின்றது. இருசப்பன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே இறக்கினான். குடத்தைப் பிடித்திருந்த வேதகிரி நிமிர்ந்தான்.

"மொத நாளேவா மாமா?"

பஞ்சாட்சரம் குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தொட்டான்.

"களத்துல ஓடினனே. அப்பயும் தெரியுமா?"

"மேட்ச் முடியட்டும்டா."

"தெரியுமா தெரியாதா?"

நடுவர் விசில் ஊதினார். யாரும் எழவில்லை. ஹபீபுல்லா பஞ்சாட்சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவன் இன்னும் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஏரிக்கரையில் கேட்ட கேள்வி அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஹபீபுல்லா கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

தாமோதரன்தான் பேசினான். "இருசப்பா, நீ நடுவுல வா. வேதகிரி, சட்டயப் போடு. லெஃப்ட்ல எறங்கு." பிறகு பஞ்சாட்சரத்தைப் பார்க்காமல் சொன்னான். "பஞ்சு, நீ ஒக்காரு."

"நான் கேப்டன்டா."

"ஒக்காரு."

வேதகிரி குடத்தைக் கீழே வைத்தான். அவனிடம் டீம் சட்டை இல்லை. பஞ்சாட்சரம் தன் சட்டையைக் கழற்றி நீட்டினான். வேதகிரி அதை வாங்கவில்லை. கூட்டத்தில் நின்ற இருசப்பனின் அண்ணன் போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். அது டீம் நிறம் இல்லை. நடுவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பஞ்சாட்சரம் சட்டையில்லாமல் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தான். பக்கத்தில் ஹபீபுல்லா நின்றான்.

மதுராந்தகம் வலது ஓரத்தில் பந்தைக் காட்டியது. நான்கு பேரும் வலது பக்கம் நகர்ந்தார்கள். வேதகிரி கோலுக்கு நேராக வந்து நின்றான், பாதி திரும்பி, ஒரு கண் அந்தப் பக்கம். யார் குரல் கொடுப்பார்கள் என்று பஞ்சாட்சரம் பார்த்தான். தாமோதரன் கொடுத்தான். பந்து எழுந்தது. வேதகிரி நேராகப் போனான். அவன் பின்னால் இருசப்பன். அவன் பின்னால் தாமோதரனின் தம்பி. கடைசியில் தாமோதரன். இடைவெளி மாறவில்லை. பந்து இறங்கியபோது வேதகிரி அங்கே இருந்தான்.

கூட்டம் கத்தியது. "பாய்! பாய்!"

ஹபீபுல்லா கயிற்றுப் பக்கம் திரும்பிக் கையசைத்தான். "நான் இல்ல," என்று கத்தினான். "இவரு. இவருதான் சொன்னாரு." யாருக்கும் கேட்கவில்லை. பஞ்சாட்சரத்துக்கு மட்டும் கேட்டது.

இரண்டாம் பாதியின் இருபதாவது நிமிடம் பெருநகர் ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. மதுராந்தகம் இன்னும் நான்கு முறை பக்கம் மாற்றி உதைத்தது. நான்கு முறையும் அங்கே ஆள் இருந்தான். ஐந்தாவது முறை உதைத்தவன் ஓங்கி உதைத்தான். பந்து மிக உயரமாகப் போனது. காற்று அதை இன்னும் தள்ளியது. வேதகிரி அதைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் ஓடினான்.

ஹபீபுல்லா அறியாமல் பஞ்சாட்சரத்தின் வெறும் தோளைப் பிடித்தான். விரல்கள் அழுந்தின. "எடுத்துடுவான்," என்றான். "எடுத்துடுவான் அண்ணே, பாருங்க."

பஞ்சாட்சரம் பார்த்தான். போகட்டும், பந்து அவன் தலைக்கு மேலே போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

வேதகிரி எம்பினான். பந்து அவன் நெற்றியில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது.